5 முடிந்தது, 6 வருகிறது! பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

5-ம் வகுப்பு முடிந்துவிட்டது. அடுத்தது 6-ம் வகுப்பு.

ஒரு எண் கூடுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். 3-ல் இருந்து 4-க்குப் போன பிள்ளை, 4-ல் இருந்து 5-க்குப் போன பிள்ளை, அதே போல 6-க்கும் போய்விடும் என்று பல வீடுகளில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இந்தப் படி மற்றப் படிகளைப் போன்றது இல்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே மாறுகிறது. போகிற பாதை மாறுகிறது. வாத்தியார்கள் மாறுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்த கூட்டாளி வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விடுகிறான். நேற்றுவரை பள்ளிக்கூடத்திலேயே பெரிய பிள்ளையாக இருந்தவன், இன்று எல்லோரையும்விடச் சின்னப் பிள்ளை ஆகிவிடுகிறான்!

இத்தனையும் ஜூன் மாதத்து ஒரே காலையில் நடக்கின்றன. பிள்ளைக்கு வயதோ 10 அல்லது 11. அந்தக் காலையில் அதற்குத் துணை யார்?

முதல் பாரம்

தாத்தா, பாட்டி காலத்தில் 6-ம் வகுப்புக்கு "முதல் பாரம்" என்று பெயர். பல ஊர்களில் 5-ம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். முதல் பாரம் படிக்க வேண்டும் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். சம்பளம் கட்ட வேண்டும். "கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டது, போதும்" என்று பையனை வயலுக்கு அனுப்பினார்கள். பெண்ணை அடுப்படிக்கு அனுப்பினார்கள்.

அந்த நிலையை மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. 1954 முதல் 1963 வரை முதல்-மந்திரியாக இருந்த காமராஜர் ஊர்தோறும் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் திட்டம் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-ல் அது 10 முதல் 15 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அதாவது, 6-ம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கும் தட்டில் சோறு விழுந்தது.

2009-ல் நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்று அது சொல்கிறது. ஆகவே, 5-ம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது இன்று சட்டத்துக்கே விரோதமான காரியம்.

பள்ளிக்கூடம் இருக்கிறது. சம்பளம் இல்லை. சோறு உண்டு. புத்தகம் உண்டு. அப்படியும் சில பிள்ளைகள் 6-ம் வகுப்பில் தடுமாறுகிறார்கள். சிலர் 7, 8 என்று பெயருக்குப் போய்விட்டு 9-ம் வகுப்பில் நின்றுவிடுகிறார்கள். ஏன்?

ஒருவர் இருந்த இடத்தில் ஐந்து பேர்

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் நாள் முழுவதும் வகுப்பில் இருப்பார். தமிழும் அவரே. கணக்கும் அவரே. அந்த டீச்சருக்குப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும். இவன் இன்று சாப்பிடாமல் வந்திருக்கிறான். இவளுக்கு வகுத்தல் கணக்கு வராது. இவனுடைய அப்பா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

6-ம் வகுப்பில் அப்படி முடியாது. தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர். மணி அடித்தால் ஒருவர் போய் அடுத்தவர் வருவார். ஒவ்வொருவருக்கும் இன்னும் பல வகுப்புகள் இருக்கும். கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளையின் கணக்கு மட்டும் தெரியும். தமிழ் ஐயாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். பிள்ளையை முழுதாக அறிந்தவர் பள்ளியில் யாரும் இல்லாமல் போகக்கூடும். இது வாத்தியார்களின் குற்றம் இல்லை. பெரிய பள்ளிக்கூடத்தின் அமைப்பே அப்படி.

அப்படியானால், பிள்ளையை முழுதாக அறிந்தவர் யார்? வீட்டில் இருப்பவர்கள்தான்.

ஆனால் இந்தச் சமயம் பார்த்துத்தான் வீட்டில் இருப்பவர்களும் விலகி நிற்கிறார்கள்! "அது பெரிய பள்ளிக்கூடம். படித்தவர்கள் இருக்கிற இடம். நமக்கு என்ன தெரியும்?" என்று கூச்சப்படுகிறார்கள். "பையன் வளர்ந்துவிட்டான், தானே பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அங்கே ஒரு கை விடுகிறது. இங்கே ஒரு கை விடுகிறது. நடுவில் நிற்கிற பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

காலைச் சாப்பாடு

அரசு தரும் உதவிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலும் இதே கதைதான் தெரியும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் இத்தனை முறை விரிந்தபோதும் அது 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கான திட்டமாகவே இருந்தது.

இதன் பொருள் என்ன? 5-ம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பிள்ளை, 6-ம் வகுப்புக்கு வெறும் வயிற்றோடு போகும் ஆபத்து உண்டு. தாய் அதிகாலையில் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். புதிய பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தால் பிள்ளை முன்பைவிட சீக்கிரம் புறப்பட வேண்டும். மதிய உணவு வரும்வரை பசியோடு கணக்குப் போட முடியுமா?

புதிய பள்ளியில் காலை உணவு உண்டா என்று சேர்க்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்றால், வீட்டில் இரவே ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய சோறும் மோரும் போதும். இரண்டு இட்லி போதும். வெறும் டீயோடு மட்டும் அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் பாருங்கள். அரசு கொடுத்து வரும் விலையில்லா மிதிவண்டி 11-ம் வகுப்பில்தான் கைக்கு வரும். அதற்குள் 5 ஆண்டுகள் ஓடிவிடும். காலை உணவு 5-ல் நிற்கிறது. சைக்கிள் 11-ல் வருகிறது. இடையில் இருக்கிற ஆண்டுகளில் வீடுதான் அதிகமாகத் தோள் கொடுக்க வேண்டும்.

3 கிலோமீட்டர்

5-ம் வகுப்பு வரை உள்ள பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும், 6 முதல் 8 வரை உள்ள பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. அதாவது, தூரம் 3 மடங்கு ஆகலாம் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது!

1 கிலோமீட்டர் என்றால் கால் மணி நேர நடை. 3 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம். பஸ் என்றால், எந்த பஸ், எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு நாள் பிள்ளையோடு அந்த வழியில் போய்வாருங்கள். ரோட்டை எங்கே கடக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம் என்று காட்டுங்கள். மறுநாள் பிள்ளை முன்னால் நடக்கட்டும். நீங்கள் பின்னால் போங்கள். வழி தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பள்ளி மாணவர்களுக்கு அரசு பஸ்சில் இலவசப் பயண அட்டை உண்டு. அதைப் பள்ளிக்கூடம் வழியாக வாங்க வேண்டும். வீட்டில் ஒருவரின் போன் நம்பரைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதே நம்பரைப் புத்தகப் பையின் உள்ளே ஒரு காகிதத்தில் எழுதி வைப்பதும் நல்லது.

காகிதங்களைப் பத்திரம் செய்யுங்கள்

பழைய பள்ளியில் இருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரு மாதிரியும், இதில் வேறு மாதிரியும் இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். இன்று ஒரு எழுத்துப் பிழையாக இருப்பது, 10-ம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் பல நாள் அலைச்சலாகிவிடும்.

சாதிச் சான்றிதழ் இதுவரை வாங்காதவர்கள் இப்போதே வாங்கிவிடுவது நல்லது. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். உதவித்தொகைகள் அதில்தான் வந்து சேரும்.

சட்டம் சொல்கிற மூன்று விஷயங்களைப் பெற்றோர் மறக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்று காரணம் காட்டி 8-ம் வகுப்பு வரை யாரும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. பரீட்சை வைத்து வடிகட்டிச் சேர்ப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது திருப்பி அனுப்பினால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 14417 என்பது தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அதில் கேட்கலாம்.

6-ல் தொடங்கும் கணக்கு

எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் போகிறது, நம் பிள்ளையும் போகட்டும் என்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் முடிவு எடுப்பதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020-ல் வந்த சட்டம் ஒன்று, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம் போன்ற படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. யார் அரசுப் பள்ளி மாணவர்? 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்!

2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டு 9-ந் தேதி பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இவற்றிலும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

5-ம் வகுப்பு வரை எங்கே படித்திருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. கணக்கு தொடங்குவது 6-ல்தான். 8-ம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறினால் இந்த வாய்ப்பு போய்விடும். நாளை விதிகள் மாறலாம். ஆனாலும் விவரம் தெரிந்து முடிவு எடுப்பது வேறு. தெரியாமல் இழப்பது வேறு.

"பாஸ்" போட்டால் போதுமா?

8-ம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பெயிலாக்குவதில்லை என்பது தமிழ்நாட்டில் இருந்து வரும் முறை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் இதை மாற்றியது. 5-லும் 8-லும் தேறாத பிள்ளைக்கு மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு என்று விதி வந்தது. தமிழ்நாட்டில் 8 வரை தேர்ச்சி முறையே தொடரும் என்று மாநில அரசு அப்போது அறிவித்தது.

பெயில் என்ற சொல்லுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பிள்ளைகள் முன்பு பலர். ஆகவே தேர்ச்சி முறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. "பாஸ்" என்று எழுதியிருப்பதால் பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். குறை 9-ம் வகுப்பில்தான் வெளியே தெரிகிறது. அப்போது சரி செய்வது கஷ்டம்.

இதை இப்போதே வீட்டில் பார்த்துவிடலாம். பெரிய படிப்பு வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையைப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பாராவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் திணறுகிறதா? சரளமாகப் போகிறதா? படித்து முடித்ததும், "என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். சொந்த வார்த்தையில் சொல்கிறதா?

அடுத்தது கணக்கு. மளிகைக் கடைச் சீட்டைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். அரிசி 1 கிலோ இவ்வளவு என்றால் இரண்டரைக் கிலோ எவ்வளவு? இந்த மூன்றும் வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். கோடை விடுமுறையில் தினம் அரை மணி நேரம் போதும். புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்ட தாயும் பிள்ளையும் சேர்ந்தே படிக்கலாம். இருவருக்கும் லாபம்!

பள்ளி திறந்ததும் வகுப்பு ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். "என் பிள்ளைக்கு வாசிப்பு கொஞ்சம் குறைவு" என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இப்படிப் பின்தங்கிய பிள்ளைகளுக்காகவே 2025-26-ம் கல்வி ஆண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை "திறன்" என்ற தனிப் பயிற்சி தொடங்கியது.

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைக்கு இந்த வயதில் இன்னொரு மாற்றமும் வருகிறது. 11, 12 வயதில் பல பெண்கள் பெரியவள் ஆகிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே அது நடந்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தாயோ, அக்காவோ, சித்தியோ பக்கத்தில் உட்கார்த்திச் சொல்ல வேண்டும். பையில் ஒரு நாப்கினும் மாற்றுத் துணியும் இருக்கட்டும். அரசுத் திட்டம் ஒன்றின்படி பள்ளி மாணவிகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட வேண்டும்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது சட்டம். சேர்க்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லாத இடத்தில் பெண் பிள்ளை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். உடம்பு கெடும். பிறகு "வயிற்று வலி, பள்ளிக்குப் போகவில்லை" என்று தொடங்கும்.

"பெரியவள் ஆகிவிட்டாள், இனி எதற்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாய் ஒரே பதில் சொன்னால் போதும். "18 வயதுக்கு முன் கல்யாணம் செய்தால் சட்டப்படி குற்றம். அதுவரை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாள்? படிக்கட்டும்!"

முதல் 15 நாட்கள்

முதல் 15 நாட்கள்தான் முக்கியம். பிள்ளை சோர்ந்து வரும். சில நாள் அழும். "பழைய டீச்சர்தான் வேண்டும்" என்று சொல்லும். இது இயற்கை. கேலி செய்யாதீர்கள்.

"என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேட்க வேண்டும். "பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? மதியம் யாரோடு சாப்பிட்டாய்? எந்த வாத்தியார் பாடம் புரிந்தது? எது புரியவில்லை?" இப்படிக் கேட்டால் பிள்ளை பேசும். பேசினால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

பெரிய பிள்ளைகள் மிரட்டலாம். சாதிப் பெயரைச் சொல்லி யாராவது இழிவாகப் பேசலாம். யாராவது தொடக்கூடாத முறையில் தொடலாம். "எது நடந்தாலும் வீட்டில் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மறைக்கின்றன. ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று திங்கட்கிழமைதோறும் தலைவலி என்கிறதா? நோட்டை மறைக்கிறதா? கூட்டாளி யாரும் இல்லை என்கிறதா? அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள்.

தயங்க வேண்டாம்

பள்ளிக்கூடத்துக்குப் போகப் படிப்பு தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூலி வேலை செய்யும் தாயும் அதில் உறுப்பினர் ஆகலாம். கழிப்பறையைப் பற்றிக் கேட்கலாம். வாத்தியார் இல்லாத பாடத்தைப் பற்றிக் கேட்கலாம். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் போடலாம்.

உறுப்பினர் ஆகாவிட்டாலும் ஒன்று செய்யலாம். மாதம் ஒரு முறை வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்க்கலாம். "என் பிள்ளை எப்படி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும். இந்தப் பிள்ளையைக் கேட்க ஆள் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். நமக்காக அம்மா வந்தாள், அப்பா வந்தார் என்று பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளை வகுப்பில் தலை நிமிர்ந்து உட்காரும்.

கணக்கு வாத்தியார் கணக்கைச் சொல்லிக்கொடுப்பார். தமிழ் ஐயா தமிழைச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா, சிரித்ததா என்று பார்ப்பது வீட்டின் வேலை. அதற்குக் கையெழுத்துக்கூடத் தெரிய வேண்டியதில்லை. மாலையில் பிள்ளை வந்ததும் பக்கத்தில் உட்கார 10 நிமிடம் இருந்தால் போதும்.